பிளேஸ்டேஷன் 3-இல் எச்டி வீடியோ ஓடவில்லையா? அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் முறை

புதிய விளையாட்டுகள் வருவது நின்ற பிறகும் பிளேஸ்டேஷன் 3 பல வீடுகளில் டிவிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. 2006-இல் வந்த இயந்திரம். ப்ளூரே வட்டை ஓட்டும், பென் டிரைவில் இருக்கும் முழு எச்டி வீடியோவையும் ஓட்டும். ஆனால் அதற்குத் தெரிந்த வீடியோ வகைகள் அந்தக் காலத்தோடு நின்றுவிட்டன. போனில் எடுத்த படம், கல்யாண வீடியோக்காரர் கொடுத்த கோப்பு, கணினியில் அருமையாக ஓடும் எம்கேவி ஆகிய மூன்றுமே இதனிடம் வந்தால் முரண்டு பிடிக்கும். உறவினர், நண்பர் வீடுகளில் இதே கோளாறுகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் சேர்ந்த குறிப்புகள் இவை.

ஓடவில்லை என்றதும் வீடியோவை மறுபடி என்கோடு செய்ய, அதாவது படத்தையே வேறு வகையில் புதிதாக எழுத, உட்கார்ந்துவிடாதீர்கள். எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான். மணிக்கணக்கில் கணினி சூடாகும், படத்தின் தரமும் ஒரு படி இறங்கும். பெரும்பாலான கோப்புகளில் படம் சரியாகவே இருக்கிறது. படத்தையும் ஒலியையும் சேர்த்துக் கட்டியிருக்கும் உறைதான் (எம்கேவி, எம்பி4 போன்ற கோப்பு வகை) இயந்திரத்துக்குப் புரியவில்லை. உறையை மாற்றுவது சில நிமிட வேலை, தரமும் குறையாது. அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் டிரைவ், பிறகு உறை, பிறகு ஒலி, கடைசியில்தான் படம்.

கணினியில் மூன்று இலவச மென்பொருள்கள் வேண்டும். கோப்பின் உள்ளே இருப்பதைக் காட்ட மீடியாஇன்ஃபோ. உறையை மாற்ற டிஎஸ்மக்ஸர். மறுபடி என்கோடு செய்தே ஆகவேண்டும் என்றால் ஹேண்ட்பிரேக். வீடியோ மாற்றுவதற்கென்று விற்கும் கட்டண மென்பொருள்கள் இவற்றுக்கு மேல் எதையும் செய்துவிடுவதில்லை.

இயந்திரத்துக்குப் பிடித்த கோப்பு எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். படம் எச்.264 வகை, 8 பிட், ஹை புரொஃபைல், லெவல் (படம் எவ்வளவு கனமானது என்பதன் அளவுகோல்) 4.1 அல்லது அதற்குக் கீழ். அளவு 1920க்கு 1080, வினாடிக்கு 30 ஃபிரேமுக்கு மிகாமல். உறை எம்பி4 என்றால் ஒலி ஏஏசி. உறை எம்2டிஎஸ் என்றால் ஒலி ஏசி3. கோப்பு 4 ஜிபிக்குள். கீழே வரும் அறிகுறிகளில் பெரும்பாலானவை இவற்றில் ஏதோ ஒன்று தவறியதால் வருபவை.

## அறிகுறி 1: பென் டிரைவோ ஹார்ட் டிஸ்க்கோ திரையில் தெரியவே இல்லை

டிரைவின் ஃபார்மேட். பிளேஸ்டேஷன் 3 படிப்பது ஃபேட்32 மட்டும். இப்போது கடையில் வாங்கும் பெரிய பென் டிரைவ்கள் எக்ஸ்ஃபேட்டில் வருகின்றன. வெளி ஹார்ட் டிஸ்க்குகளில் என்டிஎஃப்எஸ்ஸும் உண்டு. இரண்டையுமே இது கண்டுகொள்ளாது. விண்டோஸில் டிரைவின் மேல் வலது பொத்தானை அழுத்தி ‘பிராப்பர்ட்டீஸ்’ பார்த்தால் எது என்று தெரியும்.

ஃபேட்32-க்கு மாற்றினால் டிரைவில் உள்ள அனைத்தும் அழியும். கல்யாண வீடியோவின் ஒரே பிரதி அந்த டிரைவில்தான் இருக்கிறது என்றால், வேறு இடத்தில் நகல் எடுத்து, அந்த நகல் ஓடுகிறதா என்றும் பார்த்த பிறகு ஃபார்மேட் செய்யுங்கள். 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவுக்கு விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் பெட்டியில் ஃபேட்32 என்ற தேர்வே இருக்காது. ரூஃபஸ் போன்ற இலவசக் கருவியால் செய்துகொள்ளலாம்.

பார்ட்டிஷன் வகை. ஃபேட்32தான், ஆனாலும் தெரியவில்லை என்றால் டிரைவ் ஜிபிடி முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறதா என்று ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’டில் பாருங்கள். எம்பிஆர் முறையாக இருக்கவேண்டும். பெரிய ஹார்ட் டிஸ்க்குகளில் அடிக்கடி காரணம் இதுதான்.

மின்சாரம். தனி அடாப்டர் இல்லாத ஹார்ட் டிஸ்க் யுஎஸ்பி வழியாகவே மின்சாரம் எடுக்கிறது. டக் டக் என்று சத்தம் வந்து நின்றுவிட்டால் மின்சாரம் போதவில்லை என்று சந்தேகப்படலாம். குட்டையான, நல்ல கேபிள் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் தனி மின்சாரம் உள்ள யுஎஸ்பி ஹப் வழியாக இணையுங்கள்.

எப்போது வேறொருவரிடம் கொடுக்கவேண்டும்: அதே டக் டக் சத்தம் கணினியிலும் வந்தால் டிஸ்க்கே போய்க்கொண்டிருக்கிறது. மேலும் செருகிச் செருகிப் பார்க்காதீர்கள். உள்ளே இருப்பது முக்கியமானது என்றால் தரவு மீட்பவரிடம் கொடுங்கள்.

## அறிகுறி 2: டிரைவ் தெரிகிறது, உள்ளே எதுவும் இல்லை

முக்கோணப் பொத்தானை அழுத்தி ‘டிஸ்ப்ளே ஆல்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் இதோடு தீர்ந்துவிடும். வீடியோ பகுதியில் வெறுமனே டிரைவைத் திறந்தால், குறிப்பிட்ட பெயருள்ள ஃபோல்டருக்குள் இருப்பதை மட்டும்தான் அது காட்டும். ‘டிஸ்ப்ளே ஆல்’ எல்லா ஃபோல்டரையும் காட்டும்.

அதன் பிறகும் கோப்பு காணவில்லை என்றால் அதன் பின்னொட்டைப் பாருங்கள். எம்கேவி என்றால் நேராக அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

கோப்புப் பெயரைத் தமிழில் வைத்திருந்தால் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக மாற்றி வைப்பது நல்லது. எந்தக் கோப்பு எது என்று டிவியில் அடையாளம் காண்பதற்காகவாவது.

## அறிகுறி 3: ‘அன்சப்போர்டட் டேட்டா’ அல்லது ‘கரப்டட் டேட்டா’ என்று வருகிறது

அதிகம் வருவது இதுதான், காரணங்களும் இதற்கே அதிகம். கோப்பு கெட்டுவிட்டது என்று இந்தச் செய்தியைப் படித்துப் பயந்துவிடவேண்டாம். கணினியில் முழுதாக ஓடும் கோப்பையும் இந்த இயந்திரம் தயங்காமல் ‘கரப்டட்’ என்று சொல்லும்.

கோப்பை மீடியாஇன்ஃபோவில் திறந்து, எது பொருந்துகிறது என்று கீழே பாருங்கள்.

### 3அ. ஒரே பெயரில் இரண்டு கோப்புகள், ஒன்று மட்டும் ஓடவில்லை

மேக் கணினியில் நகலெடுத்த டிரைவ் இது. புள்ளியும் அடிக்கோடும் முன்னால் சேர்ந்த சின்னஞ்சிறு நிழல் கோப்பு ஒன்றை மேக் ஒவ்வொரு கோப்புக்கும் எழுதி வைக்கும். இயந்திரம் அதையும் வீடியோ என்று நினைத்துப் பட்டியலில் காட்டுகிறது. உண்மையான கோப்பை ஓட்டுங்கள். நிழலை அழித்துவிடலாம், அழிக்காமல் விட்டாலும் கெடுதல் இல்லை.

### 3ஆ. உறை எம்கேவி, உள்ளே எச்.264

பிளேஸ்டேஷன் 3 எம்கேவியை எந்தப் புதுப்பிப்பிலும் ஏற்றுக்கொண்டதில்லை. பின்னொட்டை மட்டும் எம்பி4 என்று மாற்றி எழுதினாலும் பயனில்லை. உறையை மாற்றவேண்டும்.

டிஎஸ்மக்ஸரைத் திறந்து ‘ஆட்’ அழுத்திக் கோப்பைச் சேருங்கள். படம், ஒலி, வசனவரி ஆகியவை தனித்தனி வரியாகத் தெரியும். வேண்டாத ஒலிகளின் டிக்கை எடுத்துவிடுங்கள். வெளியீடு ‘எம்2டிஎஸ் மக்சிங்’. கீழே தொடங்கும் பொத்தான். படம் மறுபடி என்கோடு ஆவதில்லை என்பதால், கோப்பை நகலெடுக்கும் நேரம்தான் ஆகும். வரும் எம்2டிஎஸ் கோப்பைப் பென் டிரைவில் போட்டு ஓட்டிப் பாருங்கள்.

டிஎஸ்மக்ஸர் ஒரு வரியை அடையாளம் காணவில்லை அல்லது நடுவில் பிழை சொல்லி நிற்கிறது என்றால், எம்கேவி கோப்பின் உள்ளே தலைப்புச் சுருக்கம் போடப்பட்டிருக்கலாம். எம்கேவிடூல்நிக்ஸில் கோப்பைத் திறந்து, ஒவ்வொரு வரிக்கும் ‘கம்ப்ரெஷன்’ என்பதை ‘நன்’ ஆக்கிப் புதிய எம்கேவியாக எழுதிக்கொள்ளுங்கள். பிறகு டிஎஸ்மக்ஸருக்குத் திரும்புங்கள்.

### 3இ. எச்.264தான், ஆனால் லெவல் 5 அல்லது 5.1 என்று காட்டுகிறது

இங்கே ஒரு கிளை உண்டு. மீடியாஇன்ஃபோவில் ‘ரெஃபரன்ஸ் ஃபிரேம்ஸ்’ என்ற வரியைத் தேடுங்கள்.

1080 படத்தில் அது 4 அல்லது குறைவு, 720 படத்தில் 9 அல்லது குறைவு, ஃபிரேம் வேகமும் 1080-இல் 30-க்குள் என்றால், படம் உண்மையில் எல்லைக்குள்தான் இருக்கிறது. ஒட்டியிருக்கும் சீட்டு மட்டும் தவறு. டிஎஸ்மக்ஸரில் பட வரியைத் தேர்ந்து ‘சேஞ்ச் லெவல்’ டிக் செய்து 4.1 வையுங்கள். வேலை முடிந்தது.

அந்த எண் அதிகம் என்றால் சீட்டை மாற்றி ஏமாற்ற முடியாது. கோப்பு ஓடத் தொடங்கும், பிறகு படம் கட்டம் கட்டமாகச் சிதறும். 3ஈ-க்குப் போங்கள்.

### 3ஈ. எச்இவிசி, அல்லது 10 பிட், அல்லது 4கே

மூன்றில் எது என்றாலும் மறுபடி என்கோடு செய்வதைத் தவிர வழியில்லை. எச்.264-க்கு அடுத்து வந்த எச்இவிசி இந்த இயந்திரத்துக்குத் தெரியாது. இயந்திரம் வந்தபோது அந்த வகையே பிறக்கவில்லை. 10 பிட் எச்.264-உம் ஓடாது.

ஹேண்ட்பிரேக்கில் செய்யவேண்டியவை: வெளியீடு எம்பி4. அளவை 1080-க்கு மிகாமல் வையுங்கள். வீடியோ பகுதியில் ‘எச்.264 எக்ஸ்264’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்திலேயே 10 பிட் என்று ஒன்று இருக்கும், கை தவறி அதைத் தொட்டுவிடாதீர்கள். தர எண் 20. அதைக் குறைத்தால் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். 18-க்குக் கீழே போவதால் டிவியில் தெரியும் லாபம் ஒன்றுமில்லை. புரொஃபைல் ‘ஹை’, லெவல் 4.1. ஃபிரேம் ரேட்டில் ‘கான்ஸ்டன்ட்’ என்பதை மறவாதீர்கள். மென்பொருள் தானாக வேறொன்றைத்தான் வைத்திருக்கும். ஒலி ஏஏசி, ஸ்டீரியோ, 160 கிலோபிட்.

ஃபிரேம் எண்ணில் ஒரு நுணுக்கம். நம் ஊர்க் கல்யாண வீடியோக்கள் பெரும்பாலும் 25 அல்லது 50-இல் எடுக்கப்பட்டிருக்கும். 50 என்றால் 25 ஆக்குங்கள், 30 ஆக்காதீர்கள். பாதியாக்கினால் அசைவு சீராக இருக்கும். 30 ஆக்கினால் கேமரா பக்கவாட்டில் திரும்பும்போதெல்லாம் படம் குதிக்கும். போனில் எடுத்த 60-ஐ 30 ஆக்கலாம்.

முழுப் படத்தையும் ஓடவிடுவதற்கு முன் இரண்டு நிமிடத் துண்டை மட்டும் என்கோடு செய்து இயந்திரத்தில் ஓட்டிப் பாருங்கள். ஹேண்ட்பிரேக்கில் அத்தியாயத் தேர்வுக்குப் பதிலாக ‘செகண்ட்ஸ்’ என்று வைத்துத் தொடக்கமும் முடிவும் கொடுக்கலாம். இரவு முழுக்க ஓடவிட்டுவிட்டுக் காலையில் ‘அன்சப்போர்டட்’ பார்ப்பது பெரிய எரிச்சல்.

ஐபோன் வைத்திருப்பவர்கள் இனிமேல் எடுக்கும் படங்களுக்காவது கேமரா அமைப்பில் ‘ஃபார்மேட்ஸ்’ போய் ‘மோஸ்ட் காம்பாட்டிபிள்’ வைத்துக்கொள்ளலாம். 1080, 30 ஃபிரேம் என்றும் வைத்துவிட்டால் எச்.264 வரும், பாதி வேலை மிச்சம்.

### 3உ. டபிள்யூஎம்வி கோப்பு

பழைய எடிட்டர்கள் கொடுத்த வட்டுகளில் இது இருக்கும். இதற்கான ஆதரவு 2007 டிசம்பர் புதுப்பிப்பில் வந்தது. ஆனால் இயந்திரத்தின் சிஸ்டம் அமைப்பில் ‘எனேபிள் டபிள்யூஎம்ஏ பிளேபேக்’ என்பதைத் திறந்துவிட்டால்தான் ஓடும். அதைச் செய்யும்போது இணைய இணைப்பு இருக்கட்டும்.

### 3ஊ. மேலே எதுவும் பொருந்தவில்லை

கோப்பு கணினியில் கடைசிவரை ஓடுகிறதா என்று பாருங்கள். தொடக்கமும் நடுவும் பார்த்தால் போதாது, கடைசி நிமிடத்துக்கு இழுத்துப் பாருங்கள். நகலெடுத்தது பாதியில் நின்ற எம்பி4 கோப்பு அங்கே சிக்கும். மூலக் கோப்பிலிருந்து மறுபடி நகலெடுங்கள். பென் டிரைவை ‘எஜெக்ட்’ கொடுத்த பிறகே பிடுங்குங்கள்.

எப்போது வேறொருவரிடம் கொடுக்கவேண்டும்: கல்யாண வீடியோ என்றால் அதை எடுத்தவரிடமே கேட்பதுதான் சிறந்த வழி. அவரிடம் எடிட்டிங் திட்டம் இன்னும் இருந்தால், மூலத்திலிருந்தே ஏற்றுமதி செய்து தருவார். நீங்கள் செய்யும் எந்த மாற்றத்தையும்விட அது தெளிவாக இருக்கும். ‘எச்.264, எம்பி4, 1080, 25 ஃபிரேம், 10 முதல் 12 மெகாபிட், ஏஏசி ஒலி’ என்று எழுதிக் கொடுங்கள். வாயால் ‘எச்டியில் கொடுங்கள்’ என்றால் முதலில் கொடுத்ததையே மறுபடி கொடுப்பார்.

## அறிகுறி 4: ‘கோப்பு மிகப் பெரியது’ என்று சொல்லி நகலெடுக்க மறுக்கிறது

டிரைவில் 50 ஜிபி காலியாக இருக்கிறது, 6 ஜிபி கோப்பை ஏற்க மாட்டேன் என்கிறது. ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. டிரைவை மாற்றினாலும் இதே கதைதான்.

எளிய வழி, துண்டாக்குவது. டிஎஸ்மக்ஸரில் ‘ஸ்ப்ளிட் அண்ட் கட்’ பகுதியில் அளவு வாரியாகப் பிரிக்கும்படி சொல்லி 4000 மெகாபைட்டுக்குக் கீழே ஒரு எண் கொடுங்கள். எம்கேவி மட்டுமல்ல, எச்.264 உள்ள எம்பி4 கோப்பையும் டிஎஸ்மக்ஸர் எடுத்துக்கொள்ளும். தரம் குறையாது. துண்டுகளுக்கு இடையே எழுந்து அடுத்ததை அழுத்தவேண்டும், அவ்வளவுதான். முகூர்த்தத்தின் நடுவில் வெட்டு விழாமல் இருக்கவேண்டும் என்றால் அளவுக்குப் பதிலாக நேரத்தைப் பார்த்து நீங்களே வெட்டுங்கள்.

துண்டு பிடிக்காதவர்கள் அளவைக் குறைத்து என்கோடு செய்யலாம். கணக்கு எளிது: வினாடிக்கு 8 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரம் 3.6 ஜிபி. ஒரு மணி நேரப் படம் ஒரே கோப்பில் அடங்கிவிடும், 1080-க்கு அந்த அளவு தரமும் மோசமில்லை. மூன்று மணி நேரப் படத்தை 4 ஜிபிக்குள் அடக்கவேண்டும் என்றால் தரத்தைக் கொல்லவேண்டியிருக்கும். அதற்குத் துண்டே மேல்.

இன்னொரு வழி, பென் டிரைவையே விட்டுவிட்டுக் கணினியிலிருந்து நெட்வொர்க் வழியாக ஓட்டுவது. அங்கே 4 ஜிபி எல்லை இல்லை. அறிகுறி 9-ஐப் பாருங்கள்.

## அறிகுறி 5: படம் வருகிறது, ஒலி இல்லை

முதலில் ஒரு விளையாட்டைப் போட்டுப் பாருங்கள். அதிலும் ஒலி இல்லை என்றால் குற்றம் வீடியோவில் இல்லை. சவுண்ட் அமைப்பில் ‘ஆடியோ அவுட்புட்’ போய் எச்டிஎம்ஐ தேர்ந்து, தானியங்கி முறையில் விடுங்கள். டிவி ஏற்காத ஒலி வகையை யாரோ டிக் செய்து வைத்திருப்பார்கள்.

விளையாட்டில் ஒலி வருகிறது, இந்தக் கோப்பில் மட்டும் இல்லை என்றால் மீடியாஇன்ஃபோவில் ஒலி வகையைப் பாருங்கள். டிடிஎஸ், ஈ-ஏசி3, ஃப்ளாக், ஓபஸ் என்று இருந்தால் காரணம் அதுதான். கோப்பிலேயே இரண்டாவது ஒலியாக ஏசி3 இருக்கிறதா என்று தேடுங்கள். பல நேரம் இருக்கும். டிஎஸ்மக்ஸரில் அதை மட்டும் வைத்து மற்றதன் டிக்கை எடுத்தால் போதும்.

ஏசி3 இல்லையென்றால் ஒலியை மட்டும் மாற்றவேண்டும். எம்கேவி கோப்பின் டிடிஎஸ்ஸை ஏசி3 ஆக்க இலவசக் கருவிகள் பல உண்டு. எதுவாக இருந்தாலும் படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் 448 அல்லது 640 கிலோபிட் ஏசி3 ஆக்கச் சொல்லுங்கள். ஹேண்ட்பிரேக் இதற்கு ஏற்றதல்ல, படத்தையும் சேர்த்தே மறுபடி என்கோடு செய்யும்.

### 5அ. தொடக்கத்தில் ஒலி இருந்தது, சிறிது நேரத்தில் நின்றது, திரையில் சினாவியா என்று செய்தி

இது கோளாறே அல்ல. வணிகத் திரைப்படங்களின் ஒலியில் பதித்திருக்கும் ஒரு குறியை இயந்திரம் அடையாளம் கண்டு, அனுமதியில்லாத நகல் என்று ஒலியை நிறுத்துகிறது. 2009-இல் வந்த 3.10 புதுப்பிப்பிலிருந்து இது உண்டு. எந்த வகைக்கு மாற்றினாலும் குறி ஒலியோடு கூடவே வரும். இதைச் சரிசெய்து தரும்படி என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது: அந்தப் படத்தின் ப்ளூரே வட்டை வாங்குங்கள், இதே இயந்திரத்தில் ஓடும்.

## அறிகுறி 6: படம் திக்கித் திக்கி ஓடுகிறது

டிரைவ். அதே கோப்பை இயந்திரத்தின் உள் ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுத்து ஓட்டுங்கள். முக்கோணப் பொத்தான், ‘காப்பி’. சீராக ஓடினால் பென் டிரைவ் மந்தம் என்று பொருள். மலிவான பென் டிரைவ்களில் இது சர்வசாதாரணம்.

ஃபிரேம் வேகம். 1080-இல் 50 அல்லது 60 ஃபிரேம் என்றால் லெவல் 4.1-இன் எல்லைக்கு வெளியே. ஃபிரேமைப் பாதியாக்கி என்கோடு செய்யுங்கள். விளையாட்டுப் போட்டி மாதிரி அசைவு மிகுந்த படம், 60-ஐ விட மனமில்லை என்றால் 720-க்கு இறக்கி 60-ஐ வைத்துக்கொள்ளலாம். அது எல்லைக்குள் வரும்.

பிட் வேகம். எடிட்டர்கள் சிலர் 50 மெகாபிட்டுக்கு மேலும் ஏற்றுமதி செய்துவிடுகிறார்கள். பெரிய எண்தான் தரம் என்ற நம்பிக்கை. ப்ளூரே வட்டிலேயே படத்துக்கு உச்ச வரம்பு 40 மெகாபிட். 20-க்குக் கீழே இறக்கிவிடுங்கள். டிவியில் வித்தியாசம் தெரியாது, திக்கல் நின்றுவிடும்.

குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் திக்கினால் கோப்பின் அந்தப் பகுதி பழுது. கணினியிலும் அங்கே ஒரு துள்ளல் இருக்கும்.

## அறிகுறி 7: வாயசைவும் ஒலியும் ஒட்டவில்லை

விலகல் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவா, போகப் போகக் கூடுகிறதா? இதைத் தெரிந்துகொள்ளாமல் எதையும் தொடாதீர்கள்.

ஒரே அளவு என்றால் முதலில் டிவியையும் சவுண்ட்பாரையும் சந்தேகியுங்கள். அசல் ப்ளூரே வட்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அதிலும் விலகினால் டிவியின் ஒலித் தாமத அமைப்பில்தான் வேலை. வட்டில் சரியாக இருந்தால், எம்கேவியிலிருந்து மாற்றும்போது ஒலிக்குரிய தாமதம் விடுபட்டிருக்கலாம். மீடியாஇன்ஃபோவில் ஒலிப் பகுதியில் ‘டிலே’ என்ற வரி எத்தனை மில்லிசெகண்ட் என்று காட்டும். டிஎஸ்மக்ஸரில் ஒலி வரியின் நேர நகர்த்தல் பெட்டியில் அதே எண்ணைக் கொடுத்து மறுபடி எழுதுங்கள்.

போகப் போகக் கூடுகிறது என்றால் அநேகமாக அது போனில் எடுத்த படம். போன்கள் வெளிச்சத்தைப் பொறுத்து ஃபிரேம் வேகத்தை ஏற்றி இறக்கும். மீடியாஇன்ஃபோ ‘வேரியபிள்’ என்று காட்டும். ஹேண்ட்பிரேக்கில் ‘கான்ஸ்டன்ட்’ வைத்து மறுபடி என்கோடு செய்வதுதான் மருந்து.

## அறிகுறி 8: வசனவரி வரவில்லை, அல்லது தமிழ் எழுத்து உடைந்து வருகிறது

எம்கேவிக்குள் இருந்த எழுத்து வசனவரியும், பக்கத்தில் தனிக் கோப்பாக வைத்த எஸ்ஆர்டியும் இந்த இயந்திரத்தில் வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தின் மேலேயே பதித்துவிடுவதுதான் நிச்சயமான வழி. ஹேண்ட்பிரேக்கில் ‘சப்டைட்டில்ஸ்’ பகுதியில் கோப்பைச் சேர்த்து ‘பர்ன் இன்’ டிக் செய்யுங்கள். என்கோடு செய்தே ஆகவேண்டும் என்பதால், வசனவரி உண்மையிலேயே தேவையா என்று முதலில் யோசித்துக்கொள்ளுங்கள்.

தமிழ் வசனவரியைப் பதித்த பிறகு எழுத்துக்குப் பதில் கட்டங்கள் வந்தால் இரண்டு காரணங்கள்தான். எஸ்ஆர்டி கோப்பு யூடிஎஃப்-8-ஆகச் சேமிக்கப்படவில்லை. நோட்பேடில் திறந்து அப்படிச் சேமியுங்கள். அல்லது கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மெய்யெழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொண்டு ‘கெ’ என்பது தலைகீழாக வந்தால், அந்த மென்பொருளுக்கு இந்திய எழுத்துகளைக் கோக்கத் தெரியவில்லை. மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றுங்கள். பழைய பதிப்பில் எந்த எழுத்துருவைப் போட்டாலும் அது திருந்தாது. இங்கும் இரண்டு நிமிடச் சோதனைத் துண்டு அவசியம்.

## அறிகுறி 9: நெட்வொர்க்கில் கணினி தெரியவில்லை, அல்லது பாதியில் நின்றுவிடுகிறது

கணினியில் யூனிவர்சல் மீடியா சர்வர் போன்ற இலவச சர்வரை ஓடவிட்டால், இயந்திரத்தின் வீடியோ பகுதியில் கணினி தோன்றும். எம்கேவியை ஓடும்போதே மாற்றித் தரவும் அதனால் முடியும்.

தெரியவில்லை என்றால் நெட்வொர்க் அமைப்பில் ‘மீடியா சர்வர் கனெக்ஷன்’ திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கணினி. விண்டோஸில் வீட்டு நெட்வொர்க்கை ‘பப்ளிக்’ என்று குறித்து வைத்திருந்தால் ஃபயர்வால் கணினியை மறைத்துவிடும். ‘பிரைவேட்’ ஆக்குங்கள்.

தெரிகிறது, ஆனால் நின்று நின்று ஓடுகிறது என்றால் வைஃபைதான். பிளேஸ்டேஷன் 3-இல் இருப்பது பழைய 802.11ஜி வகை, பெயருக்கு 54 மெகாபிட், கைக்கு வருவது அதில் பாதிகூட இல்லை. ரூட்டரை மாற்றினாலும் பெரிய பலன் இராது. இயந்திரத்துக்கும் ரூட்டருக்கும் ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். பின்புறம் இருக்கும் கேபிள் துளை ஜிகாபிட் வேகம் உடையது, எந்த எச்டி படத்துக்கும் தாராளம்.

## அறிகுறி 10: படத்தின் வடிவமோ நிறமோ சரியில்லை

ஆட்கள் ஒல்லியாகவோ பருமனாகவோ தெரிந்தால், ஓடும்போதே முக்கோணம் அழுத்தி ‘ஸ்க்ரீன் மோட்’ மாற்றிப் பாருங்கள். அதற்கு முன் யாரும் எதையும் என்கோடு செய்யவேண்டாம்.

அசையும் உருவத்தின் விளிம்புகள் கிடைக்கோடுகளாகப் பிரிந்தால், அது பழைய ஹேண்டிகேமின் 1080i (வரிகளை இரண்டு தவணையாகப் பதியும் வகை) படம். ஹேண்ட்பிரேக்கில் ‘ஃபில்டர்ஸ்’ பகுதியில் ‘டீஇன்டர்லேஸ்’ போடாமல் மாற்றியிருக்கிறீர்கள். உண்மையில் ஹேண்டிகேமின் ஏவிசிஎச்டி கோப்பை மாற்றவே தேவையில்லை. கேமரா எழுதிய கோப்பை அப்படியே பென் டிரைவில் போட்டால் இந்த இயந்திரம் ஓட்டும்.

நிறம் வெளிறிச் சாம்பல் பூத்தது போல இருந்தால் மூலம் எச்டிஆர் (வெளிச்சமும் நிறமும் கூடுதலாகப் பதியும் முறை). போனில் அதை அணைத்துவிட்டு எடுப்பதே நல்லது; எடுத்துவிட்டதை மாற்ற ஹேண்ட்பிரேக்கின் புதிய பதிப்பில் ‘கலர்ஸ்பேஸ்’ ஃபில்டரில் பிடி.709 தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

## அறிகுறி 11: எந்த வீடியோ போட்டாலும் இயந்திரமே உறைகிறது, அல்லது அணைகிறது

ஒரே ஒரு கோப்பில் மட்டும் உறைந்தால் அந்தக் கோப்பை நீக்குங்கள், முடிந்தது. எல்லாவற்றிலும் உறைந்தால் கோப்புகளை மாற்றிக்கொண்டிருப்பது வீண்.

உள் ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்த வீடியோக்களில் மட்டும் உறைகிறது, பென் டிரைவிலிருந்து ஓட்டினால் சரியாக இருக்கிறது என்றால் டிஸ்க்கில் கோளாறு. விளையாட்டுச் சேமிப்புகளை முதலில் பென் டிரைவுக்கு நகலெடுங்கள். பிறகு சேஃப் மோடில் (இயந்திரத்தின் பழுதுபார்ப்புப் பட்டியல்) போய் ‘ரீஸ்டோர் ஃபைல் சிஸ்டம்’, அதுவும் போதவில்லை என்றால் ‘ரீபில்ட் டேட்டாபேஸ்’ செய்யலாம். பட்டியலில் அவற்றுக்கும் கீழே இருக்கும் ‘ரீஸ்டோர் பிஎஸ்3 சிஸ்டம்’ அனைத்தையும் அழித்துவிடும், அதைத் தொடாதீர்கள். இரண்டும் செய்த பிறகும் அதே நிலை என்றால் டிஸ்க்கை மாற்றவேண்டும். உள்ளே இருப்பது சாதாரண இரண்டரை அங்குல சாட்டா டிஸ்க். மடிக்கணினிக்கு விற்பதே பொருந்தும். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தவர் வீட்டிலேயே மாற்றலாம்.

மின்விசிறி பெரும் சத்தம் போட்டு, சிறிது நேரத்தில் அணைந்தால் வெப்பம். டிவி அலமாரிக்குள்ளிருந்து வெளியே எடுத்து, காற்றுத் துளைகளில் தூசியை உறிஞ்சி எடுத்துப் பாருங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் உள்ளே வெப்பக் களிம்பு காய்ந்திருக்கும். அதை மாற்றப் பலகை வரை கழற்றவேண்டும். கன்சோல் பழுது பார்க்கும் கடைக்குரிய வேலை.

ஒரு நொடி மஞ்சள் விளக்கு எரிந்து, பிறகு சிவப்பு விளக்கு மினுக்கினால் மறுபடி மறுபடி பொத்தானை அழுத்தாதீர்கள். அது பலகைப் பழுது. கடைக்குப் போகும் முன் உள் டிஸ்க்கில் இருப்பவை வேண்டுமா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த டிஸ்க் அந்த இயந்திரத்தோடு பூட்டப்பட்டது; வேறொரு பிளேஸ்டேஷன் 3-இல் செருகினால் ஃபார்மேட் செய்யத்தான் கேட்கும். பலகையைச் சூடேற்றி உயிர்ப்பித்துத் தரும் கடைகள் உண்டு. அந்த உயிர் அதிக நாள் நிற்பதில்லை. உள்ளே இருக்கும் சேமிப்புகளை வெளியே எடுக்கும் வரை போதும் என்றால் அந்தக் கூலியைக் கொடுங்கள். வீடியோ பார்ப்பதற்கு மட்டும்தான் இயந்திரம் என்றால், அதே பணத்தை எம்கேவியும் எச்இவிசியும் ஓட்டும் சிறிய மீடியா பெட்டி ஒன்றுக்குக் கொடுப்பதே கணக்குக்குச் சரி.